உம்மாவின் முகம்

உங்களிடம் ஒரு கேள்வி. இந்த இதழைச் சற்றே மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு விடை தேடுங்கள். உங்களைப் பெற்ற தாயாரின் முகத்தில் மச்சம் இருக்கிறதா? இருக்குமானால் எந்தப் பக்கத்தில்?

எளிய கேள்விதான். ஆனால் என்னுடைய 59ஆம் வயதில் இக்கேள்வி என் மனத்தில் எழுந்தபோது என்னால் விடை சொல்ல இயலவில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கடலோர ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மணமான பின்னும் நான் பிறந்த வீட்டை விட்டுப் போகவில்லை. அவ்வளவு காலமும் உம்மாவோடு ஒரே கூரையின் கீழ், ஒரே அடுப்படியில் வாழ்ந்திருக்கிறேன். அப்படியிருந்தும் அந்த முகம் எனக்கு மனப்பாடமாகவில்லை.

இதை எனக்கு உணர்த்தியது ஓர் ஓவியம். ஓவியமா என்று நீங்கள் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தயக்கம் எனக்கும் உண்டு. அதைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன்.

வெள்ளை உடுத்திய நால்வர்

2023ஆம் ஆண்டு மகளுக்குப் பேறுகாலம் பார்ப்பதற்காக லண்டன் சென்றிருந்தேன். பச்சைக் குழந்தை இரவெல்லாம் விழித்திருக்கும்; பகலெல்லாம் உறங்கும். பகற்பொழுதைப் போக்க மகள் பொது நூலகத்திலிருந்து சில புத்தகங்களை எடுத்து வந்து தந்தாள். அவற்றுள் ஒன்று ஓவியப் புத்தகம். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் ஆங்கிலம் ஓரளவு பழகியிருந்ததால் படங்களோடு எழுத்தையும் மெல்ல மெல்லப் படித்தேன்.

ஒரு பக்கத்தைப் புரட்டியதும் கை நின்றுவிட்டது. நான்கு பெண்கள் வெண்ணிற உடையில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் மற்றவரைப் பார்க்கவில்லை. யாரும் அழவில்லை. ஒரே துக்கத்தில் இருக்கும் நால்வர். ஆயினும் ஒவ்வொருவரும் அந்தத் துக்கத்தின் ஒவ்வொரு மூலையில் தனியே இருப்பதாகத் தோன்றியது. ‘துக்கத்தில் என் சகோதரிகள்’ என்று பொருள்படும் பெயர் அந்த ஓவியத்திற்கு. வரைந்தவர் செலியா பால் என்ற பெண்மணி. 2015இல் தம் தாயார் இறந்ததை அடுத்து, அந்த ஆண்டிலும் மறு ஆண்டிலுமாக அதை வரைந்திருக்கிறார்.

வெள்ளையுடுத்தி அமர்ந்திருக்கும் பெண்ணைக் கண்டால் நம் வீட்டுப் பெண்களுக்கு என்ன நினைவு வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2019இல் வாப்பா மௌத்தான பின் உம்மா நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தார்கள். உள்ளறையில், வெள்ளைச் சேலையில், சுவரில் சாய்ந்தபடி அமர்ந்திருந்தார்கள். ஊரே வந்து போனது. வந்தவர்களுக்குத் தேநீர், பசியாற, ஃபாத்திஹாவுக்கு ஏற்பாடு, வெளிநாட்டிலிருந்து வந்த காக்காவின் பிள்ளைகளுக்குப் படுக்கை என்று நான் வீடெங்கும் ஓடிக்கொண்டிருந்தேன். ‘அந்தப் பிள்ளை ஒரு நிமிடம் உட்கார்ந்ததா பார்!’ என்று எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள்.

உட்காரவில்லைதான். லண்டனில், அந்தப் படத்தின் முன்னால்தான், அந்தப் புகழ்ச்சி எனக்குச் சுட்டது. அந்த 130 நாட்களில் உம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று நினைவுகூர முயன்றேன். வெள்ளைச் சேலை நினைவுக்கு வந்தது. தஸ்பீஹ் மணியை உருட்டும் விரல்கள் வந்தன. முகம் வரவில்லை. அப்போதுதான் மச்சத்தைப் பற்றிய கேள்வி எழுந்தது. இடப்பக்கமா, வலப்பக்கமா?

அன்றிரவு கைபேசியில் உம்மாவை அழைத்துப் படத்தில் பார்க்க முயன்றேன். உம்மாவுக்குக் கைபேசியைப் பிடிக்கத் தெரியாது. அவர்களின் நெற்றியும், முக்காட்டின் ஓரமும், மேலே சுழலும் மின்விசிறியுமே தெரிந்தன.

எண்பது படிகள்

செலியா பாலின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அவர் நமக்கு மிகவும் அந்நியரல்லர். 1959இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். பெற்றோர் கிறிஸ்தவ சமயப்பணிக்காக அங்கு வந்தவர்கள். ஐந்து பெண் மக்களில் நான்காமவர். சிறுவயதிலேயே குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. தந்தையார் பின்னாளில் பிராட்ஃபோர்டு நகரின் பேராயராக இருந்து 1983இல் காலமானார்.

பதினாறாம் வயதில், 1976இல், லண்டனின் ஸ்லேடு ஓவியப் பள்ளியில் செலியா சேர்ந்தார். அங்கே கூலிக்கு வந்து அமரும் முன்பின் அறியாத மனிதரைப் பார்த்து மாணவர்கள் வரைவார்கள். அவருக்கு அது ஒவ்வவில்லை. தனக்கு ஏதும் ஆகாத ஒருவரை எப்படி வரைவது? ஆகவே 1977இல் தம் தாயாரை எதிரில் அமரச் சொன்னார். அன்று தொடங்கியது 2007 வரை, முப்பது ஆண்டுகள், நீடித்தது. வாரத்தில் இரண்டு நாட்கள். அவருடைய ஓவிய அறையும் வீடும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு எதிரே ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறது. ஏறிச் செல்ல எண்பது படிகள். அந்தத் தாய் கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலேறி வந்து, எண்பது படிகளும் ஏறி, நாற்காலியில் அமர்வார். 2007இல் கால்கள் இனி ஏற மறுத்தபோதுதான் அமர்வு நின்றது. அதன் பிறகு கேட் என்ற தங்கை அந்த இடத்தில் அமரலானார்.

அமர்ந்திருந்த அந்த நீண்ட நேரத்தில் தாய் என்ன செய்தார் தெரியுமா? பிரார்த்தித்தார். மிகுந்த இறைபக்தி உள்ளவர். மகள் தூரிகையோடு நிற்க, தாய் வாய் திறவாமல் தம் இறைவனோடு பேசிக்கொண்டிருந்தார்.

வாசகர்களே! இந்தக் காட்சியை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ஓர் அறையில் இரு பெண்கள். ஒருவரை ஒருவர் உலகில் யாவரினும் அதிகம் அறிந்தவர்கள். பேச்சில்லை. மகள் தாயையே பார்க்கிறாள். தாயோ மகள் தொடர முடியாத ஓரிடத்தில் இருக்கிறாள். நெருக்கமும் தனிமையும் எதிரெதிரானவை என்று நாம் எண்ணியிருக்கிறோம். அந்த அறையில் அவை ஒரே பாயில் அமர்ந்திருக்கின்றன. செலியாவின் ஓவியங்களில் அறையில் பொருள்கள் அதிகம் இரா. மண்ணின் நிறம், சாம்பலின் நிறம், எங்கிருந்தோ விழும் மங்கிய வெளிச்சம், அதனிடையே ஒரு பெண். அவ்வளவுதான். ஆனால் நெடுநேரம் பார்க்கத் தோன்றும்.

அவருடைய சொந்த வாழ்வில் நம் குடும்பங்கள் ஏற்க இயலாதவை உண்டு. அவற்றை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஸ்லேடு பள்ளிக்கு ஆசிரியராக வந்துபோன புகழ்பெற்ற ஓவியர் லூசியன் ஃபிராய்டோடு மணமின்றிப் பழகி, 1984இல் ஓர் ஆண்மகவைப் பெற்றார். அந்தப் பிள்ளையைப் பெரிதும் வளர்த்தது, எண்பது படி ஏறி வந்த அதே தாய்தான். ஓவியத்திற்காகப் பிள்ளையைப் பிரிந்திருந்ததை 2019இல் வெளிவந்த தம் நினைவு நூலில் செலியாவே வலியோடு எழுதியிருக்கிறார். தம் தனிமைக்கு விலை கொடுத்தவர். அந்த விலையில் ஒரு பங்கைத் தாயும் பிள்ளையும் கொடுத்தார்கள்.

நழுவிப் போகும் புன்னகை

புகைப்படக் கருவி இருக்கும் காலத்தில் ஒரு முகத்தை ஏன் மாதக்கணக்கில் வரைய வேண்டும் என்று மகளிடம் கேட்டேன். விடையைப் பிறகு நானே கண்டுகொண்டேன்.

புகைப்படம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு நொடிக்குப் புன்னகையைப் பிடித்து வைத்திருக்க யாராலும் முடியும். ஓவியருக்கு முன் இரண்டு மணி, மூன்று மணி நேரம் அமர வேண்டும். மறுவாரம் மீண்டும் வர வேண்டும். எந்த மனிதராலும் அவ்வளவு நேரம் முகத்தில் ஒரு பாவனையைத் தாங்க முடியாது. முதலில் புன்னகை நழுவும். பிறகு ‘என்னைப் பார்க்கிறார்கள்’ என்ற எண்ணம் நழுவும். கடைசியில், யாரும் இல்லாதபோது நமக்கு இருக்கும் முகம் ஒன்று உண்டே, அது வந்து அமரும். ஆழ்ந்து வரையப்பட்ட உருவப்படங்களில் இருப்பவர்கள் தனித்திருப்பதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அந்த முகத்தைக் காண ஒருவர் பொறுமையோடு எதிரில் இருந்தார் என்பதே அதிலுள்ள அன்பு.

இருபதாம் நூற்றாண்டில் மேலை நாட்டு ஓவியர் பலர் மனித உருவத்தையே கைவிட்டு, வெறும் நிறங்களையும் வடிவங்களையும் தீட்டினார்கள். லண்டனில் சிலர் மட்டும் மனித முகத்தை விடவில்லை. 1976இல் அங்குள்ள ஹேவர்டு கலைக்கூடத்தில் கிட்டாஜ் என்ற ஓவியர் அத்தகைய ஓவியங்களைத் திரட்டிக் காட்சி வைத்தார். அவர்களுள் ஒருவர் ஃபிராங்க் அவெர்பாக். எட்டு வயது நிறையும் முன்னரே, 1939இல், ஜெர்மனியிலிருந்து தனியாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட யூதச் சிறுவன். பெற்றோரை நாஜிகள் கொன்றுவிட்டனர். 2024இல் மறையும் வரை வாழ்ந்த அவர், தமக்கு நெருங்கிய ஒரு சிலரையே வாரந்தோறும் எதிரில் அமர்த்திப் பல பத்தாண்டுகள் வரைந்து வந்தார். இழந்தவனுக்கே இருப்பவர்களின் அருமை தெரியும் போலும்.

மேலே சொன்ன லூசியன் ஃபிராய்டும் தம் தாயை வரைந்தார். ஆனால் அந்தக் கதை வேறு. தாயின் இடையறாத அக்கறை இளமை முதல் அவருக்குப் பாரமாக இருந்தது, விலகியே இருந்தார். 1970இல் தந்தை இறந்ததும் தாய் பெருஞ்சோர்வில் விழுந்து, எதிலும், மகனிடத்திலும்கூட, நாட்டம் இழந்தார். 1972 முதல்தான் மகன் அவரை வரையத் தொடங்கினார். தாயின் கண்கள் தம்மைத் தேடுவதை நிறுத்திய பிறகே அவரால் தாயைப் பார்க்க முடிந்திருக்கிறது! 1989இல் தாய் இறந்தபோது அந்த உயிரற்ற முகத்தையும் வரைந்து வைத்தார். இதைப் படித்த அன்று எனக்கு உணவு இறங்கவில்லை. பெற்றவளைப் பார்க்க நாம் எவ்வளவு காலம் கடத்துகிறோம்!

நம் தயக்கம்

இனி, தொடக்கத்தில் சொன்ன தயக்கத்திற்கு வருகிறேன். உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது குறித்துக் கடுமையாக எச்சரிக்கும் நபிமொழிகள் உண்டு. எங்கள் வீட்டுச் சுவரில் இன்று வரை எந்த உருவப்படமும் தொங்கியதில்லை. உம்மா தம் வாழ்நாளில் விரும்பி ஒரு புகைப்படம்கூட எடுத்துக்கொண்டதில்லை. 1994இல் ஹஜ் பயணத்திற்காகப் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம்தான் எங்களிடம் இருக்கும் பழைய படம். அதிலும் உம்மா படம் எடுப்பவரைக் கண்டு கூசி, எங்கோ பார்க்கிறார்கள். கையால் வரைவதன் சட்டத்தை விளக்க உலமாக்கள் இருக்கிறார்கள். அதை அவர்களிடம் விடுகிறேன். உங்கள் பிள்ளையின் கையில் தூரிகையைக் கொடுங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை.

ஆயினும் முகத்தைக் கூர்ந்து நோக்கும் கலை முஸ்லிம் உலகம் அறியாதது என்றும் எண்ண வேண்டாம். மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவையில் இனாயத் கான் என்றொரு அதிகாரி இருந்தார். அபினும் மதுவும் அவரை எலும்புக்கூடாக்கிவிட்டன. 1618இல் ஊர் திரும்ப விடைபெற வந்தவரைக் கண்டு திடுக்கிட்ட பேரரசர், அவரை வரையுமாறு ஓவியர்களைப் பணித்தார். அதைத் தம் நினைவுக் குறிப்பிலும் எழுதி வைத்தார். சற்றைக்கெல்லாம் இனாயத் கான் இறந்துபோனார். பெரிய திண்டில் சாய்ந்து, விலா எலும்புகள் தெரிய, எங்கோ நோக்கியிருக்கும் அந்த ஓவியம் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. மௌத்தின் வாசலில் ஒவ்வோர் ஆன்மாவும் தனியாகத்தான் நிற்கிறது என்பதை அதைவிட உரக்கச் சொல்லும் உபதேசம் அரிது.

அந்த ஓவியர்களின் தூரிகை நமக்கு வேண்டாம்; அவர்கள் எதிரில் அமர்ந்த பொறுமை வேண்டும். அதற்கு எந்த மார்க்கத் தடையும் கிடையாது.

ஊர் திரும்பும் முன் ஒருநாள் மகளோடு பிரிட்டிஷ் அருங்காட்சியகம் சென்றேன். வாயிலில் திருவிழாக் கூட்டம். எதிர்ப்புறக் கட்டடங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். எந்த ஜன்னல் என்று தேடவில்லை. பிறர் தனிமையைத் துருவுவது முறையன்று. இவ்வளவு இரைச்சலுக்கு மேலே ஒரு தாய் வாய் பேசாமல் அமர்ந்திருந்தாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அசருக்குப் பின்

ஊர் வந்து சேர்ந்த மறுநாள், அசர் தொழுகைக்குப் பிறகு, உம்மாவின் அறைக்குச் சென்று எதிரில் பாயில் அமர்ந்தேன். உம்மாவுக்கு அப்போது 82 வயது. தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஓரிரு நிமிடம் கழித்து, “என்ன புள்ளே, ஏதாச்சும் வேணுமா?” என்றார்கள்.

“ஒண்ணும் இல்லே உம்மா. சும்மாதான்.”

“சும்மாவா? அடுப்புலே என்ன வச்சிருக்கா?”

“ஒண்ணும் வைக்கலே.”

நம்பவில்லை. மூன்று நாள் வரை என்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். “எனக்கு ஏதாச்சும் வியாதின்னு டாக்டர் சொன்னாரா? மறைக்காமச் சொல்லு” என்றுகூடக் கேட்டார்கள். ஒரு மகள் வேலை ஏதுமின்றித் தாயின் எதிரில் அமர்ந்தால் அதற்கு வியாதிதான் காரணமாக இருக்க வேண்டும் என்ற நிலைக்கு நம் வீடுகளை நாம் கொண்டுவந்திருக்கிறோம்!

ஒரு வாரம் போயிற்று. ஓவியர்கள் சொல்வது உண்மை. முதலில் எனக்காக வைத்திருந்த முகம் நழுவியது. பிறகு வேறொரு முகம் வந்தது. உதடுகள் திக்ரில் அசைய, கண்கள் பாயின் ஓரத்தில் நிலைத்திருக்க, மாலை வெயில் ஒரு கன்னத்தில் விழுந்து கிடக்கும். அந்த முகத்தில் நான் இல்லை. காக்கா இல்லை. பேரப்பிள்ளைகள் எவரும் இல்லை. முதலில் எனக்குச் சற்று வலித்தது. பிறகுதான் புரிந்தது: உம்மா நமக்கு உம்மா ஆவதற்கு முன்னரே அல்லாஹ்வின் அடியார். அந்த உறவில் எனக்கு இடமில்லை. காவல் இருக்கும் பேறு மட்டும் உண்டு.

ஒருநாள் தாமாகவே பேசினார்கள்.

“உங்க வாப்பா மௌத்தான பொறவு எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா? வந்தவங்க எல்லாம் கருகமணி இருந்த கழுத்தைப் பாத்தாங்க. வளையல் இருந்த கையைப் பாத்தாங்க. முகத்தை யாரும் பாக்கலே.”

நான் பேசவில்லை. வந்தவர்களைப் பற்றித்தான் சொன்னார்கள். வீட்டில் இருந்தவளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது எனக்குக் கேட்டது.

“எந்திரி புள்ளே, மஃரிபுக்கு நேரமாச்சு” என்றார்கள் சிறிது நேரம் கழித்து.

மச்சம் வலப்பக்கம் இருக்கிறது. காதுமடலுக்குக் கீழே, முக்காட்டின் மடிப்பு எப்போதும் மறைத்துவிடும் இடத்தில். உளுந்தளவுதான். நான் லண்டனில் யோசித்து யோசித்து இடப்பக்கம் என்று முடிவு செய்து வைத்திருந்தேன்.

அன்புள்ளங்களே! நம் வீடுகளில் ஆட்களுக்குக் குறைவில்லை, பேச்சுக்கும் குறைவில்லை. பெற்றோருக்கு மருந்து தருகிறோம், உணவு தருகிறோம், ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் அனுப்பி வைக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் நற்செயல்களே. ஆனால் இவை அனைத்தையும் அவர்கள் முகத்தைப் பாராமலே செய்துவிட முடியும் என்பதுதான் என்னை அச்சுறுத்துகிறது. கபனிடும்போது கடைசியாக முகத்தைத் திறந்து காட்டுவார்கள். அன்றுதான் நன்றாகப் பார்த்தேன் என்று சொல்லும் நிலை நம்மில் எவருக்கும் வர வேண்டாம்.

எண்பது படி ஏற வேண்டியதில்லை. உள்ளறை வரை நடந்தால் போதும். வேலை எதையும் கையில் எடுத்துச் செல்லாதீர்கள். கைபேசியை வெளியே வைத்துவிடுங்கள். அவர்கள் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் அந்த மௌனத்தைக் கலைக்காதீர்கள். எதிரில் அமர்ந்து, வெளிச்சம் குறையும் வரை பாருங்கள்.

அசர் ஆகிறது. உம்மாவின் அறையில் தஸ்பீஹ் சத்தம் கேட்கிறது. எழுதுகோலை மூடிவிட்டு எழுகிறேன்.